தஞ்சை பெரிய கோயிலில் மோதி வளைந்த அரை டன் கருவி... சிதறிக் கிடந்த வரைபடங்களை ஒரே கணக்குக்குள் கொண்டுவந்த லாம்டன் யார்?

1808-ம் ஆண்டு. தஞ்சாவூர் பெரிய கோயிலின் 216 அடி உயர விமானத்தின் மேலே, அரை டன் எடையுள்ள ஒரு கருவியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். பாதியில் கயிறு அறுந்தது. கருவி விமானத்தின் பக்கவாட்டில் போய் மோதியது. பெட்டி நொறுங்கியது. உள்ளே இருந்த பெரிய வட்டத் தகடு வளைந்துபோனது.

அந்தக் கருவியின் பெயர் தியோடலைட். கோணங்களை அளப்பது அதன் வேலை. இந்தியா முழுவதற்குமான வரைபடக் கணக்கு அந்த ஒரு வட்டத்தை நம்பித்தான் இருந்தது. அதை இங்கிலாந்திலிருந்து வரவழைத்து, தெற்கே பல நூறு மைல்கள் சுமந்துவந்தவர் வில்லியம் லாம்டன்.

இன்று ஒரு இன்ஜினியர் அனுப்பும் டிராயிங் இன்னொருவர் கணினியில் திறக்காமல் போவதற்கும், திறந்தாலும் அளவு மாறித் தெரிவதற்கும், 200 வருஷத்துக்கு முன்னால் இந்த மனிதர் எதிர்கொண்ட பிரச்னைக்கும் நெருங்கிய உறவு உண்டு. அது என்ன? விரிவாகப் பார்ப்போம்.

ஒரு டிராயிங் இன்னொரு கணினியில் ஏன் மாறிப்போகிறது?

முதலில் இன்றைய சிக்கலைப் புரிந்துகொள்வோம். ஆட்டோகேட் போன்ற மென்பொருளில் ஒரு கோட்டின் நீளம் 100 என்று வரைந்தால், கோப்புக்குள் பதிவாவது பெரும்பாலும் 100 என்ற எண் மட்டும்தான். அது 100 மில்லிமீட்டரா, 100 அங்குலமா என்பது தனி அமைப்பு. வாங்குபவர் கணினியில் அந்த அமைப்பு வேறாக இருந்தால், படம் 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ போய் உட்காரும்.

அடுத்தது தொடக்கப்புள்ளி. ஒருவர் தன் வீட்டு மனையின் மூலையைப் பூஜ்யம் என்று வைத்து வரைந்திருப்பார். இன்னொருவர் அரசு சர்வே ஆயத்தொலைவை வைத்து வரைந்திருப்பார். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று போட்டால், ஒன்று இங்கே இருக்கும், இன்னொன்று கண்ணுக்கே எட்டாத தூரத்தில் இருக்கும்.

மூன்றாவது எழுத்துரு. அனுப்பியவரிடம் இருக்கும் எழுத்துரு வாங்குபவரிடம் இல்லை என்றால், எழுத்து வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் வரும். பாமினியில் தட்டிய கடிதத்தை யூனிகோடு மட்டுமே உள்ள கணினியில் திறந்து, ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றலாம். ஆனால் ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ380 விமானம் இதில்தான் சிக்கியது. ஜெர்மனியில் உள்ள ஹாம்பர்க் ஆலை கேட்டியா மென்பொருளின் 4-ம் பதிப்பில் வரைந்தது. பிரான்சில் உள்ள துலூஸ் ஆலை 5-ம் பதிப்பில் வரைந்தது. ஒரே மென்பொருள்தான், பதிப்புதான் வேறு. ஆனாலும் தகவல் முழுதாகக் கடக்கவில்லை. விமானத்துக்குள் மின்கம்பிகளை ஓட்டப்போனபோது நீளம் போதவில்லை. 2006-ல் அறிவிக்கப்பட்ட தாமதம் கடைசியில் சுமார் 2 வருஷமாக நீண்டது.

அலகு, தொடக்கப்புள்ளி, இரண்டு தரப்புக்கும் பொதுவான மொழி. இந்த மூன்றும் இல்லாத காலத்தில்தான் லாம்டன் தென்னிந்தியாவுக்கு வந்தார்.

யார் இந்த லாம்டன்?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், நார்த்தலர்டன் அருகே ஒரு சாதாரணக் குடும்பத்தில் 1750-களில் பிறந்தவர். கணக்கில் கெட்டி. பிரிட்டிஷ் ராணுவத்தின் 33-வது படைப்பிரிவில் சேர்ந்து, அமெரிக்க விடுதலைப் போரின்போது அங்கே போனார். 1781-ல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தபோது கைதியானார்.

விடுதலையான பிறகு கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியில் ராணுவக் குடியிருப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சுமார் 13 வருஷம் அங்கேயே ஓடிப்போனது. பதவி உயர்வு பெரிதாக இல்லை. ஆனால் கையில் நேரம் இருந்தது. பூமியின் வடிவத்தை அளக்கும் கணிதத்தை அவராகவே படித்துத் தேர்ந்தார்.

1796-ல் இந்தியா வந்தபோது அவருக்கு 40 வயது கடந்திருந்தது. அவருடைய படைப்பிரிவின் தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெலிங்டன் கோமகன்தான்.

1799-ல் திப்பு சுல்தானுக்கு எதிரான ஸ்ரீரங்கப்பட்டினப் போர். ஓர் இரவில் படை தெற்கே போவதாக நினைத்து நடந்துகொண்டிருந்தது. வானத்து நட்சத்திரங்களைப் பார்த்த லாம்டன், படை வடக்கே, அதாவது எதிரியின் முகாமை நோக்கிப் போகிறது என்று தளபதி பெயர்டிடம் சொன்னார். திசையைச் சரிபார்த்தபோது அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது.

அன்றைய வரைபடங்களில் என்ன பிரச்னை?

மைசூர் வீழ்ந்ததும் கம்பெனியின் கையில் பெரிய நிலப்பரப்பு வந்தது. அதே 1799-ல் தஞ்சாவூர் நாட்டின் நிர்வாகமும் வரிவசூலும் ஒப்பந்தத்தின் மூலம் கம்பெனிக்குப் போனது. இரண்டாம் சரபோஜி பெயரளவில் மன்னராக இருந்தார். காவிரிப் படுகையின் நெல் வருமானம் இனி யாருக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்ய, நிலம் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

வரைபடங்கள் இல்லாமல் இல்லை. நிறைய இருந்தன. சென்னையில் 1794-லேயே சர்வே பள்ளி தொடங்கப்பட்டுவிட்டது. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அதுதான். ஆனால் பெரும்பாலான வரைபடங்கள் படை நடந்த வழியைச் சங்கிலியாலும் சக்கரத்தாலும் அளந்து வரையப்பட்டவை. ஒருவர் வரைந்த மாவட்டமும் பக்கத்து மாவட்டத்தை இன்னொருவர் வரைந்ததும் எல்லையில் ஒட்டவில்லை. ஆறு ஒரு தாளில் முடிந்த இடத்தில் அடுத்த தாளில் தொடங்கவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரி போலத்தான் தெரியும். சேர்த்துவைத்தால்தான் கோளாறு வெளியே வரும்.

இங்கேதான் லாம்டன் ஒரு யோசனையை வைத்தார். மாவட்டம் மாவட்டமாக வரைந்து பிறகு ஒட்டவைக்க வேண்டாம். முதலில் தீபகற்பம் முழுவதற்கும் உறுதியான சில புள்ளிகளை நிறுவுவோம். எல்லா வரைபடங்களும் அந்தப் புள்ளிகளில் வந்து பொருந்தட்டும்.

சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒப்புக்கொண்டார். வெல்லெஸ்லியின் ஆதரவும் கிடைத்தது. ஆனால் நிதிக் குழுவில் ஒருவர், ஸ்ரீரங்கப்பட்டினம் போக நினைப்பவர் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதாதா, இதற்கு எதற்குச் செலவு என்கிற தொனியில் கிண்டலடித்ததாக ஒரு கதை உண்டு.

பரங்கிமலையில் 57 நாள்

இந்த முறைக்கு முக்கோண அளவை என்று பெயர். பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம், அதை வைத்து அதற்கடுத்தது. தரையில் சங்கிலி போட்டு அளக்க வேண்டியது முதல் கோட்டை மட்டும்தான். அதனால் அந்த முதல் கோட்டில் தப்பு வந்தால் எல்லாமே போச்சு.

அந்த முதல் கோடு சென்னை பரங்கிமலை அருகே போடப்பட்டது. 1802 ஏப்ரல் 10-ல் தொடங்கிய வேலை 57 நாள் நீடித்தது. தூரம் சுமார் 7.5 மைல்தான். சாதாரணமாக நடந்தால் ஒரு காலைப்பொழுது.

ஏன் இவ்வளவு நாள்? 100 அடி நீள எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் நீட்டி, முக்காலிகள் மேல் சமமாக வைத்து, பக்கத்திலேயே வெப்பமானிகளை வைத்து அளந்தார்கள். சென்னை வெயிலில் எஃகு நீளும். காலையில் அளந்த 100 அடியும் மதியம் அளந்த 100 அடியும் ஒன்றல்ல. அதனால் ஒவ்வொரு அளவையும் 62 டிகிரி பாரன்ஹீட்டில் அந்தச் சங்கிலி எவ்வளவு இருந்திருக்குமோ அந்தக் கணக்குக்கு மாற்றினார்கள். இப்படிச் சுமார் 400 தடவை. கடைசியில் கிடைத்த நீளம் சுமார் 40,006 அடி.

அதாவது லாம்டன் எண்ணை மட்டும் குறித்துவைக்கவில்லை. அந்த எண் எந்த அலகில், எந்த வெப்பநிலையில் செல்லும் என்பதையும் சேர்த்தே குறித்தார். பின்னால் வந்தவர்கள் அவருடைய கணக்கை எடுத்துப் பயன்படுத்த முடிந்ததற்குக் காரணம் இதுதான்.

கோணம் அளக்கும் பெரிய தியோடலைட்டை லண்டன் கருவிக் கலைஞர் வில்லியம் கேரி செய்துகொடுத்தார். கிடைமட்ட வட்டம் மட்டும் 36 அங்குல விட்டம். வரும் வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து, கருவியை மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் அங்கிருந்த பிரெஞ்சு அதிகாரிகளே மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள்.

காணாமல் போன 40 மைல்

சென்னையிலிருந்து மேற்கே மங்களூர் கடற்கரை வரை முக்கோணங்களை ஓட்டியதும் முதல் அதிர்ச்சி வந்தது. பழைய வரைபடங்களின்படி இந்த இடத்தில் தீபகற்பத்தின் அகலம் 400 மைல். லாம்டன் கணக்கில் வந்தது 360 மைல். கம்பெனி தன்னுடையது என்று நினைத்திருந்த 40 மைல் அகல நிலம் உண்மையில் இல்லவே இல்லை.

லாம்டன் கணக்கு சரிதானா? அதைச் சோதிக்க 1804-ல் பெங்களூரு அருகே இன்னொரு அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார்கள். சென்னையிலிருந்து முக்கோணக் கணக்கில் வந்த நீளத்துக்கும் நேரில் அளந்த நீளத்துக்கும் இருந்த வித்தியாசம் 3.7 அங்குலம். சுமார் 7 மைல் கோட்டில் ஒரு விரல் நீளம். அதன் பிறகு கணக்கைச் சந்தேகிப்பது கஷ்டமாகிவிட்டது.

டெல்டாவில் மட்டும் ஏன் சிக்கல்?

முக்கோண அளவைக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஒரு புள்ளியில் நின்றால் அடுத்த புள்ளி கண்ணுக்குத் தெரிய வேண்டும். கர்நாடகத்திலும் கொங்குப் பகுதியிலும் மலைகளும் குன்றுகளும் கை கொடுத்தன.

காவிரிப் படுகையில் அந்த வசதி இல்லை. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை தட்டையான வயல்வெளி. மேட்டு நிலம் என்று சொல்ல எதுவும் கிடையாது. வயல் வரப்பிலிருந்து பார்த்தால் நாலு திசையிலும் தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். குன்றுகள் இல்லாத ஊரில் உயரமாக நின்றவை கோயில் கோபுரங்கள் மட்டும்தான். லாம்டன் குழு அவற்றின்மேல் ஏறியது.

தஞ்சையில் எல்லாவற்றையும்விட உயரம் ராஜராஜன் எழுப்பிய விமானம். அங்கே ஏற்றும்போதுதான் அந்த விபத்து நடந்தது.

ஆறு வாரம் கூடாரத்துக்குள்

வட்டம் வளைந்தால் என்ன ஆகும்? கோணத்தைப் படிக்கும் கோடுகள் அந்த வட்டத்தின் விளிம்பில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். விளிம்பு கோணலானால், இனி எடுக்கும் கோணங்கள் முன்பு எடுத்த கோணங்களோடு ஒத்துப்போகாது. சென்னையிலிருந்து இதுவரை வந்த கணக்கும் இனி குமரிவரை போகப்போகும் கணக்கும் இரண்டு வெவ்வேறு மொழியாகிவிடும். கருவியை இங்கிலாந்துக்கு அனுப்பிப் பழுதுபார்த்தால் வருஷக்கணக்கில் வேலை நிற்கும்.

லாம்டன் யார்மீதும் பழிபோட்டுக்கொண்டிருக்கவில்லை. கூடாரத்துக்குள் போய் அமர்ந்துகொண்டார். முக்கியமான கைவினைஞர்களைத் தவிர யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை. கருவியை முழுக்கப் பிரித்தார். பெரிய தட்டையான பலகை ஒன்றில், வட்டம் சரியாக எந்த அளவில் இருக்க வேண்டுமோ அந்த அளவில் ஒரு வட்டத்தை வெட்டினார். பிறகு ஆப்புகள், திருகுகள், கப்பிகள் கொண்டு வளைந்த விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அந்த அளவுக்குள் கொண்டுவந்தார். வளைந்த ஆரங்களைச் சின்ன மரச் சுத்தியால் தட்டித் தட்டி நேராக்கினார்.

ஆறு வாரம் கழித்து வட்டம் கிட்டத்தட்ட பழைய வடிவத்துக்கு வந்தது. வேலை தெற்கே தொடர்ந்தது. 1809-ல் திருநெல்வேலிப் பகுதியில் அடுத்த அடிக்கோடு அளக்கப்பட்டது. அவருக்குப் பின் பொறுப்புக்கு வந்த ஜார்ஜ் எவரெஸ்டும் ஆரம்ப வருஷங்களில் இதே கருவியோடுதான் வேலை பார்த்தார்.

அதே கோயில், இன்னொரு அளவுகோல்

இதில் ஒரு பொருத்தம் உண்டு. எந்தக் கோயிலில் லாம்டனின் கருவி வளைந்ததோ, அதைக் கட்டிய ராஜராஜ சோழனும் நாட்டை அளந்தவன்தான். 1001-ம் ஆண்டு வாக்கில் அவன் செய்த நில அளவை, வேலியின் மிக நுண்ணிய பின்னம்வரை நிலத்தைக் கணக்கிட்டது. சோழர் கல்வெட்டுகளில் 16 சாண் கோல், 12 சாண் கோல் என்று வெவ்வேறு அளவுகோல்கள் வருகின்றன. எந்தக் கோலால் அளந்தது என்று சொல்லாமல் நிலத்தின் அளவை மட்டும் சொன்னால் பொருள் இல்லை என்பது அன்றே தெரிந்திருந்தது.

தஞ்சை வட்டாரத்தில் இன்றும் பெரியவர்கள் நிலத்தை மா, வேலி என்றுதான் சொல்வார்கள். 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. குழி 144 சதுர அடி என்று எடுத்தால் ஒரு மா சுமார் 33 சென்ட், ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர். குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால், பழைய பத்திரத்தை இன்றைய பட்டாவோடு ஒப்பிடும்போது தகராறு தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

கடைசி நாட்கள்

1818-ல் லாம்டனின் வேலை கல்கத்தா அரசின் நேரடிப் பொறுப்புக்கு மாறி, மகா முக்கோண அளவை என்ற பெயரைப் பெற்றது. அதே ஆண்டு எவரெஸ்ட் உதவியாளராக நியமிக்கப்பட்டார். லாம்டனுக்கு அப்போது 60 வயது தாண்டியிருந்தது. ஓய்வெடுத்து இங்கிலாந்து திரும்பவில்லை. வடக்கே நகர்ந்துகொண்டே இருந்தார்.

1823 ஜனவரியில், இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தின் ஹிங்கன்காட்டில் முகாமிலேயே இறந்தார். கல்லறையும் அங்கேதான். அவர் தொடங்கிய கோட்டை எவரெஸ்ட் 1841 வாக்கில் இமயமலை அடிவாரம்வரை கொண்டுபோய் முடித்தார். உலகின் உயரமான சிகரத்துக்கு 1865-ல் எவரெஸ்ட் பெயர் வந்தது. லாம்டனுக்கு அந்த அளவுக்குப் புகழ் கிடைக்கவில்லை. பரங்கிமலையில் அவருக்கு ஒரு சிலை இருக்கிறது.

ஒரே அடி, ஆனால் ஒரே மீட்டர் இல்லை

லாம்டனின் கணக்கு இன்றும் கணினிக்குள் உயிரோடு இருக்கிறது. அவர் அளந்த கோட்டையும் சேர்த்துக்கொண்டு 1830-ல் எவரெஸ்ட் பூமியின் வடிவத்தைக் கணக்கிட்டார். எவரெஸ்ட் நீள்கோளம் என்று அதற்குப் பெயர். இந்தியாவின் பழைய சர்வே வரைபடங்கள் இதன்மேல்தான் வரையப்பட்டன. இன்று உங்கள் செல்போன் ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு கோளம். இரண்டின் நடுக்கோட்டு ஆரத்துக்கும் இடையே சுமார் 860 மீட்டர் வித்தியாசம். மாற்றுக் கணக்கு போடாமல் பழைய வரைபடத்தின் எண்களை ஜிபிஎஸ்ஸில் தட்டினால், புள்ளி 100 மீட்டருக்கும் மேல் தள்ளிப் போய் நிற்கும்.

இன்னொரு வலை அடி. இன்று உலகம் ஒப்புக்கொண்ட ஒரு அடி 0.3048 மீட்டர். ஆனால் இந்திய சர்வேயின் அடி அதைவிட ஒரு துளி சிறியது. அதை மீட்டருக்கு மாற்ற 1937, 1962, 1975 என்ற ஆண்டுகளின் பெயரில் மூன்று மதிப்புகள் மென்பொருள் பட்டியல்களில் இருக்கின்றன. ஒரு வீட்டு மனையில் இந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் தொடக்கப்புள்ளியிலிருந்து 30 லட்சம் அடி தள்ளியிருக்கும் ஒரு வாய்க்காலில், எந்த மதிப்பை எடுத்தோம் என்பதைப் பொறுத்து 1 முதல் 5 மீட்டர்வரை பிசகும்.

மூன்றாவது, சென்னை வானியல் ஆய்வகத்தின் தீர்க்கரேகை. பழைய வரைபடங்கள் எல்லாம் அதைச் சார்ந்தே வரையப்பட்டன. அந்த மதிப்பில் சுமார் 2 நிமிடம் 27 விநாடி பிழை இருந்தது பின்னால்தான் தெரிந்தது. தஞ்சாவூர் இருக்கும் அட்சரேகையில் இது சுமார் நாலரை கிலோமீட்டர். ஆனால் எல்லா வரைபடங்களும் ஒரே அளவு ஒரே திசையில் தள்ளி இருந்ததால், ஒரே ஒரு திருத்தத்தைக் கழித்ததும் எல்லாம் சரியானது. பொதுவான அடித்தளம் இருப்பதன் லாபம் இதுதான். தப்பு நடந்தாலும் மொத்தமாகத் திருத்திவிடலாம்.

2005-ல் வந்த தேசிய வரைபடக் கொள்கை, பொதுமக்களுக்கான வரைபடங்களை டபிள்யூஜிஎஸ் 84 அடிப்படையில் வெளியிட வழிசெய்தது.

இப்போது என்ன கவனிக்க வேண்டும்?

டெல்டாவில் வாய்க்கால் தூர்வாருவது, மதகு கட்டுவது, வீட்டு மனை பிரிப்பது என எதற்கும் இன்று டிராயிங் கணினியில்தான் வருகிறது. வருவாய்த் துறையின் எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் ஒரு வடிவத்தில், தனியார் சர்வேயரின் டிஜிபிஎஸ் அளவு இன்னொரு வடிவத்தில், கட்டட வரைபடம் மூன்றாவது வடிவத்தில் இருக்கும். ஒன்றின்மேல் ஒன்று போடும்முன் இவற்றைக் கேட்டுவிடுங்கள்.

1. அலகு என்ன? மில்லிமீட்டரா, மீட்டரா, அடியா என்பதைத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

2. எந்தப் புள்ளியிலிருந்து அளந்தார்கள்? எந்தக் கோள அடிப்படையில்?

3. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு? எழுத்துருவையும் சேர்த்து அனுப்பினார்களா?

4. கையால் சரிபார்க்க ஒரு அளவு இருக்கிறதா? டிராயிங்கில் தெரியும் ஒரு சுவரையோ வரப்பையோ நேரில் டேப் போட்டு அளந்து பாருங்கள். பெங்களூருவில் இரண்டாவது கோட்டை அளந்து லாம்டன் செய்ததும் இதே சோதனைதான். டிராயிங்கும் டேப்பும் ஒத்துப்போகவில்லை என்றால், மண்வெட்டி வயலில் இறங்கும்முன் வேலையை நிறுத்திக் கேளுங்கள்.